ஹார்வுட் சத்தம்

— அந்த வயரக் கீழ போடு மகேஷு. மொதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— என்ன அண்ணே கேட்டீங்க? வந்ததுலேருந்து கேள்வியாத்தான் கேட்டுக்கிட்டு இருக்கீங்க. நாளைக்குப் பெரம்பலூருக்கு உங்க வாசிப்பக் கேக்கச் சென்னைக்காரங்க வராங்க, ஒரு தடவ எல்லாத்தையும் மாட்டிப் பாத்துருவோம்னுதான் சவுண்டு மிக்சரத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தேன்.

— போன வாரம் ஆண்டிமடத்துல, அந்தக் கோயில் புரோகிராம்ல, மிக்சர்ல என் கிடாரோட ட்ரெபிள, அந்த உச்சிச் சத்தத்த, யாரு புடுங்குனது?

— புடுங்கலைண்ணே. லேசா கொறச்சு வெச்சேன்.

— லேசாவா? நீ டீ குடிக்கப் போன நேரத்துல வந்து பாத்தேன்டா. மத்தவங்க ட்ரெபிளத் திருப்புற நாப்பெல்லாம் நடுவுல நிக்குது. என்னுது மட்டும் தரையில கெடக்குது. நான் என்ன கேணையனா?

— அந்தப் பந்தல் மேல தகர ஷீட்டுண்ணே. சத்தம் எதிரடிக்கும். அதுக்குத்தான்...

— தகரம் என் கிடாருக்கு மட்டும்தான் எதிரடிக்குமா? பக்கத்துல வாசிக்கிறானே பூமாலை, அவன் கீபோர்டுக்கு எதிரடிக்காதா? அங்க எங்கயோ பாத்துக்கிட்டுப் பேசாத. என்னப் பாத்துப் பேசு. தப்பு பண்றவன்தான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் பேசுவான்.

— ஏங்க, சோறு ஆறிப் போச்சு. மகேஷும் காலையிலேருந்து சாப்பிட்டிருக்க மாட்டான். மொதல்ல ரெண்டு பேரும் வந்து உக்காருங்க. அப்புறம் சண்ட போடலாம்.

— நீ உள்ள போ மேகலா. இது ட்ரூப்பு விசயம்.

— ட்ரூப்பு விசயம்னா ட்ரூப்பு வேன்ல போயிப் பேசுங்க. என் வூட்டு ஹால்ல, என் பீரோவ நகத்தி வெச்சுட்டு, அந்தப் பெரிய பொட்டியப் போட்டு வெச்சிருக்கீங்கள்ல. அப்ப எனக்கும் விசயம்தான்.

— அது பொட்டி இல்ல, கிடார் சத்தத்தப் பெருசாக்குற ஆம்ப்பு. வால்வு ஆம்ப்பு. மூடிப் போன சினிமாக் கொட்டாயிலேருந்து எடுத்தாந்து நானே பிரிச்சு, நானே கட்டுனது. கிடார் மேதை ரெக்ஸ் ஹார்வுட் வெச்சிருந்த அதே மாதிரி.

— அண்ணிக்குத் தெரியாதாண்ணே இது...

— அவளுக்கு என்ன தெரியும்? ஹார்வுட் சத்தம்னா என்னன்னு சொல்லு மேகலா, பாப்போம்.

— கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்தாளோடதானே நானும் குடித்தனம் பண்றேன். மூக்கடைச்ச பொம்பள கதவுக்கு அந்தாண்ட நின்னு அழுவுற மாதிரி இருக்கும்.

— ஆங்! கேட்டியாடா? அதான். அதேதான். அந்த வெள்ளைக்காரன் செத்தே எவ்வளவோ காலம் ஆயிருச்சு, உலகம் பூரா அந்தச் சத்தத்துக்கு அலையுறானுங்க. அவன் வாசிச்ச கம்பெனி கிடாரு, அவன் மிதிச்ச பெடலு எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்கிட்டும் வரல அவனுங்களுக்கு. நான் மோட்டார் காயில் கட்டுறவன். அரியலூர் கடைத்தெருவுல பம்பு செட்டுக்குச் சுத்துற அதே செம்புக் கம்பிய வெச்சு கிடாருக்குக் காயில் சுத்துனேன். சுத்திச் சுத்திப் பிரிச்சேன். காலால மிதிச்சுச் சத்தத்த வளைக்கிற அந்த வா-வா பெடல அவன் பாதி மிதிச்சு அப்படியே விட்டுருவான்னு ஃபோட்டோவப் பாத்துக் கண்டுபுடிச்சு, அடியில புளியங்கட்ட சொருகி நிறுத்துனேன். வந்துச்சா இல்லியா?

— வந்துச்சுண்ணே. நான் இல்லேன்னு சொல்லலியே. மொத நாளு கேட்டப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுருச்சு.

— அப்படி வந்த சத்தத்துக்கு நீ போர்வ போத்தி விட்டுருக்க. ஆண்டிமடத்து வீடியோவ எவனோ போன்ல எடுத்துப் போட்டிருக்கான்ல, கேட்டேன். மூச்சு முட்டுது. சாக்கு மூட்டைக்குள்ள உக்காந்து வாசிச்ச மாதிரி இருக்கு.

— அந்த வீடியோவக் கேட்டுத்தாண்ணே சென்னைக்காரங்க உங்களத் தேடி வராங்க. அச்சு அசல் ஹார்வுட்டுன்னு சொன்னாங்க. அவங்க வருசா வருசம் அவரு பேருல விழா நடத்துறவங்க, அவங்களுக்குத் தெரியாதா?

— அவனுங்களுக்கு என்ன தெரியும்? அவனுங்க இப்ப யூட்யூப்ல இருக்கறதக் கேட்டு வளந்தவனுங்க. அந்த ஒரிஜினல் ரெக்கார்டையே இப்ப கெடுத்து வெச்சிருக்கானுங்க. முன்னாடி கேசட்டுல கேட்டப்ப ஒரு மினுமினுப்பு இருக்கும் பாரு, ஊசியால கண்ணாடியில கோடு போடுற மாதிரி, அது இப்ப சுத்தமா இல்ல. அதான் நான் ரெக்கார்டப் பாத்து வெக்கிறதில்ல. என் மனசுல இருக்கற சத்தத்துக்குத்தான் வெக்கிறேன்.

— ரெக்கார்டு மாறலைண்ணே.

— என்னது?

— ரெக்கார்டு அதேதான்னு சொல்றேன்.

— அப்ப வேற என்ன மாறிச்சு?

— அந்த வயர இப்படிக் குடுங்கண்ணே, மாட்டிப் பாப்போம்.

— சொல்லேன். வாயில என்ன கொழுக்கட்டையா?

— ஒண்ணும் மாறல. விடுங்கண்ணே.

— விட மாட்டேன். எல்லாரும் சேந்து என்னமோ பண்றீங்க. பூமாலை எதுக்குக் கீபோர்டத் தூக்கிக்கிட்டு அந்தக் கோடிக்குப் போனான்? எத்தன வருசம் என் பக்கத்துல நின்னு வாசிச்சவன்!

— அவனுக்கு இடம் பத்தலையாம்.

— மேடை அதே மேடை. அவன் வயிறுதான் பெருத்துச்சா? இவ எதுக்கு நான் வாசிக்க உக்காந்தாலே பின்னாடி கொல்லப் பக்கம் போயி நின்னுக்கறா? முன்னாடியெல்லாம் இங்க உக்காந்துதான் பூண்டு உரிப்பா.

— பூண்டு உரிக்கறதுக்குக் கொல்லையில காத்து வருதுங்க. அதுவும் ஒரு குத்தமா?

— குத்தம்னு நான் சொல்லல. சந்தேகம்னு சொல்றேன். மகேஷு, நேராக் கேக்குறேன். நான் திருச்சிக்குக் கம்பி எடுக்கப் போன அன்னிக்கு, சத்யா இந்த வூட்டுக்கு வந்தானா?

— ...வந்தாண்ணே.

— உன் பெரியம்மா மகன். ஜெயங்கொண்டம் ட்ரூப்புல கிடார் வாசிக்கிறவன். நான் இல்லாத வூட்டுல அவனுக்கு என்ன வேல?

— நான்தான் கூட்டியாந்தேன்.

— என் ஆம்ப்பத் தொட்டானா?

— தொட்டான். நீங்க வெச்சிருந்த மாதிரியே, எதையும் மாத்தாம ஆன் பண்ணி வாசிச்சுப் பாத்தான்.

— பாத்தியா மேகலா! ஒத்துக்கிட்டான் பாரு! நான் கடையில சொல்லிக்கிட்டு இருந்தேன், எவனும் நம்பல. எதுக்குடா? எதுக்கு அவன வுட்டு வாசிச்சுப் பாக்கச் சொன்ன?

— எனக்கே ஒரு கொழப்பம் அண்ணே. தப்பு எங்க இருக்குன்னு. என் காது தப்பா, இல்ல உங்க...

— என்னோட?

— உங்க ஆம்ப்பு தப்பான்னு.

— ஆம்ப்ப கட்டுனவன் நான் இருக்கேன். என்னக் கேக்காம ஜெயங்கொண்டத்துக்காரனக் கேக்குறியா? அவன் என்ன சொன்னான்?

— ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் வாசிச்சான், அணச்சிட்டான். தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போயிட்டான்.

— பொய். எல்லா நாப்பையும் ஃபோட்டோ எடுத்துக்கிட்டுப் போயிருப்பான். நாளைக்கு நான் அங்க போயி நிக்கிறேன், நாளான்னிக்கு அவன் ஜெயங்கொண்டத்துல அதே சத்தத்தப் போடுவான். அதுக்கு நீ தரகு.

— சத்தியமா இல்லைண்ணே.

— சத்தியம் பண்ணாத. அடுத்ததக் கேக்குறேன். அந்தச் சென்னைக்காரங்க கூட வர்ற சவுண்டு எஞ்சினியருக்கு நீ போன் போட்டியா?

— யாரு சொன்னது?

— அவரே சொன்னாரு. உங்க ஆளு மகேஷ் கூப்பிட்டாரு, எல்லாம் சொல்லிட்டாரு, கவலப்படாதீங்க சாருன்னு. நான் என்ன கவலப்பட்டேன்? எதச் சொன்ன நீ?

— நாளைக்கு அவங்க என்ன மிக்சர் பக்கம் விட மாட்டாங்களாம். அவங்க ஆளுதான் பாப்பாராம். அதான்... உங்க சேனல்ல ட்ரெபிளக் கொஞ்சம் கொறச்சு வெக்கச் சொன்னேன்.

— அட சண்டாளா! அங்கயும் வந்து புடுங்குறியா? ஆண்டிமடத்துல புடுங்குன, பத்தாதா? என் வாழ்நாள்ல ஒரு நாளு, ஒரே நாளு, ஹார்வுட்டக் கேட்டு ஊறுனவங்க முன்னாடி அந்தச் சத்தத்தப் போட்டுக் காட்டப் போறேன். அதுல மண்ணப் போடுறதுக்கு வூட்டுச் சோத்த தின்னவனே கெளம்பியிருக்கான்.

— ஏங்க, வார்த்தைய அளந்து பேசுங்க.

— நீ பேசாத. உனக்கும் பங்கு இருக்கு. அன்னிக்கு நான் குளிச்சிட்டு வரேன், நீயும் இவனும் அந்தக் கதவோரமா நின்னு குசுகுசுன்னு பேசுறீங்க. என்னப் பாத்ததும் கப்புன்னு வாய மூடிக்கிட்டீங்க.

— குசுகுசுன்னா? நாங்களா?

— உதடு அசையுது, ஒரு வார்த்த வெளிய வரல. அதுக்குப் பேரு என்ன? நான் பொண்டாட்டியயும் சந்தேகப்படுற ஜாதி இல்ல மேகலா. ஆனா இந்த வூட்டுல கொஞ்ச நாளா எல்லாருமே என் கிட்டேருந்து எதையோ மறைக்கிறீங்க. அது என்னன்னு இன்னிக்குத் தெரிஞ்சாவணும்.

— அண்ணே, அண்ணிய இதுல இழுக்காதீங்க. நான் சொல்லிடறேன்.

— சொல்லு. என்னப் பாத்துச் சொல்லு.

— சத்யாவுக்காகத்தான் பண்ணேன்.

— ஆங்?

— நீங்க சொன்னதுதாண்ணே உண்ம. அவன் கேட்டான். அந்தச் சத்தம் எனக்கும் வேணும், எப்படியாவது பண்ணுன்னான். பெரியம்மா மவன், தட்ட முடியல. நாப்பெல்லாம் பாத்துக்கிட்டான். நாளைக்கு உங்களுக்குச் சத்தம் சரியா அமையலன்னா அவன கூப்பிடுவாங்கன்னு நெனச்சு... அதான் அந்த எஞ்சினியருக்குப் போன் போட்டேன். போதுமா?

— அப்படிச் சொல்லு! அப்படிச் சொல்லுடா, நாயே! வாயிலேருந்து வந்துச்சு பாரு!

— நான் மிக்சர எடுத்துக்கிட்டுக் கெளம்புறேன். நாளைக்கு நீங்க போங்க. போனதும் அந்த எஞ்சினியர் கிட்ட ஒரு வார்த்த மட்டும்...

— ஒரு வார்த்தையும் கெடையாது. இனிமே இந்த வாசப்படி ஏறாத. வேன்லயும் ஏறாத. வேற சவுண்டு ஆளு கெடைக்காமயா போயிரும்?

— சரிண்ணே.

— சரின்னு சொல்லிட்டுப் போறியேடா மகேஷு! நில்லு!

— விடுங்க அண்ணி.

— என்னத்த விடறது? ஏங்க, இவன் சொன்னது அத்தனையும் பொய்யி. சத்யா ஒண்ணும் கேக்கல. ட்ரெபிளக் கொறக்கச் சொன்னது நான்.

— நீயா?

— நான்தான். இவன் மாட்டேன்னுதான் சொன்னான். கால்ல விழாத கொறையாக் கேட்டேன்.

— அண்ணி, வேணாம்.

— நீ சும்மா இரு. சிறுவாச்சூர்ல வாசிச்சீங்களே, ஆடி மாசம். நான் பொம்பளைங்க பக்கம் உக்காந்திருந்தேன். நீங்க அந்தத் தனி வாசிப்ப ஆரம்பிச்சீங்க. எனக்கு முன்னாடி இருந்த புள்ள காதப் பொத்திக்கிட்டு வீல்னு அழுதுச்சு. பின்னாடி ஒருத்தன் சொல்றான், என்னய்யா இந்தாளு தகரத்த அறுக்குறானேன்னு. சுத்தி எல்லாரும் சிரிக்கிறாங்க. நீங்க மேடையில கண்ண மூடிக்கிட்டு, ஏதோ சாமி வந்த மாதிரி வாசிக்கிறீங்க. எனக்குச் செத்துப் போயிரலாம் போல இருந்துச்சு.

— சிரிச்சாங்களா?

— சிரிச்சாங்க. மறுநாளு இவன் கிட்டப் போனேன். எப்படியாவது அவரு சத்தத்தச் சரி பண்ணு தம்பி, அவருக்குத் தெரிய வேணாம், மனசு ஒடைஞ்சு போயிடும்னேன். அன்னிலேருந்து நீங்க மேடையில எவ்வளவு ட்ரெபிள ஏத்துறீங்களோ, இவன் அங்க அவ்வளவு எறக்குறான்.

— அப்ப ஆண்டிமடத்துல கைதட்டுனது?

— உங்களுக்குத்தான் தட்டுனாங்க.

— இல்ல. இந்த மகேஷு கைக்குத் தட்டியிருக்காங்க. அவன் நாப்புக்கு. நான் அங்க நின்னு என்னமோ பெரிய இவனாட்டம் கும்புடு போட்டேன்.

— உங்க வெரலு அண்ணே. நாப்ப திருப்புறவன் நானு, அழ வெக்கிறது உங்க வெரலு. அத யாரும் தொட முடியாது.

— சோப்பு போடாத. எனக்கு ஒண்ணு புரியல. மேடையில என் ஆம்ப்புலேருந்து வர்ற சத்தம் அருமையா இருக்கு. இன்னும் சொல்லப் போனா ட்ரெபிள் பத்தவே மாட்டேங்குது. அதே சத்தம் ஜனங்க கிட்டப் போவும்போது தகரமாவுதுன்னா, நடுவுல யாரு கெடுக்கறது? உன் பாக்ஸு. உன் ஸ்பீக்கர் பாக்ஸுலதான்டா கோளாறு!

— பாக்ஸெல்லாம் நல்லாத்தாண்ணே இருக்கு.

— நல்லா இல்ல. நீ உன் பாக்ஸு கெட்டத மறைக்கறதுக்கு என் ட்ரெபிளக் கொறச்சுக்கிட்டுத் திரியுற, இவ அத நம்பிக்கிட்டுத் திரியுறா. இப்பப் புரியுது எல்லாம். இங்கதானே இருக்கு ஒரு பாக்ஸு? உன் போன்ல அந்த விசில் வெச்சிருப்பியே, மேடையில ஸ்பீக்கர் செக் பண்ணப் போடுவியே, கீழ மாடு கத்துற மாதிரி ஆரம்பிச்சு மேல ஏறிக்கிட்டே போவும்ல, அதப் போடு.

— வேணாம்ணே.

— எதுக்கு வேணாம்? பயமா? எந்த எடத்துல உன் பாக்ஸு ஊமையாவுதுன்னு நான் காட்டுறேன். காட்டிட்டேன்னா நீ அந்த எஞ்சினியருக்குப் போட்ட போன வாபஸ் வாங்கணும். என் ட்ரெபிள எவனும் தொடக் கூடாது.

— அண்ணி, நீங்க சொல்லுங்க அவருக்கு. இன்னிக்கு வேணாம். நாளைக்கு நிகழ்ச்சிய முடிச்சிட்டு வந்து...

— போட்டுரு மகேஷு.

— அண்ணி!

— போட்டுருப்பா. உன்னத் திருடன்னு சொன்னாரு, நீயும் ஆமான்னு தலைய ஆட்டுன. அதுக்கு மேல எனக்குத் தாங்கல. அவரே தெரிஞ்சுக்கட்டும்.

— என்னத்தத் தெரிஞ்சுக்கட்டும்? மறுபடியும் ரெண்டு பேரும் வாய்க்குள்ளயே பேசுறீங்க பாரு.

— ஒண்ணும் இல்லைண்ணே. வயர மாட்டுறேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க.

— தள்ளி எதுக்கு? பக்கத்துலயே நிக்கிறேன். ஏமாத்த முடியாது. போடு.

— போட்டுட்டேன்.

— ம். வருது. நெஞ்சுல அதிருது, நல்லா இருக்கு. ஏத்து.

— தானா ஏறும்ணே.

— ம்... ம்... இது பாடுறவன் தொண்ட. இது கிடாரோட மூணாங்கம்பி. சுத்தமா வருது. இது... இது புல்லாங்குழலு. ஏறட்டும், ஏறட்டும். கூச்சப்படாம ஏத்துடா.

— ஏறிக்கிட்டுத்தான் இருக்கு.

— ம். லேசாவுது... லேசாவுது... ஆங்! நின்னுச்சு! பாத்தியா, நின்னுச்சா இல்லியா? நான் சொன்னேன்ல! இதுக்கு மேல உன் பாக்ஸு ஊமடா. ட்ரெபிள் போற ஸ்பீக்கரு எரிஞ்சு கெடக்கு, நீ என் ஆம்ப்பச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்க. இப்ப யாருடா கேணையன்?

— ஐயோ, மகேஷு, போதும், அணைச்சிருடா! பல்லெல்லாம் கூசுது!

— எத அணைக்கச் சொல்ற மேகலா? அதான் அப்பவே நின்னுடுச்சே, ரெண்டு பேரும் எதுக்குக் காதப் பொத்திக்கிட்டு நிக்கிறீங்க?